பற்றாத லைட்டரும் பத்துக் கேள்வியும்

புது லைட்டர். உள்ளே கேஸ் தளும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம், பற்ற மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?
- வேடசந்தூர் வாசகர்

விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்காதீர்கள். லைட்டர் பற்ற வேண்டும் என்றால் கேஸ், பொறி, காற்று என்ற மூன்று பேரும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் ஆஜராக வேண்டும். வராதவர் யார் என்று தெரியாமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

கல் வைத்த லைட்டர் என்றால் விசாரணை சுலபம். அக்கம்பக்கத்தில் நெருப்பு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தைச் சுழற்றாமல் லீவரை மட்டும் அழுத்தி, சத்தத்தைக் கவனியுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டால் கேஸ் வந்துவிட்டது. லீவரை விட்டு, அந்தக் கேஸ் கலையும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு இருட்டான இடத்தில் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பொறி தெறித்தால் கல்லும் நன்றாக இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால், பெரும்பாலும் சுடர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் தப்பான இடத்தில் நிற்கிறது. கேஸ் குறைந்தாலும் பற்றாது, வேகமாகப் பீய்ச்சினாலும் பற்றாது. காற்றில் பியூட்டேன் ஏறத்தாழ 1.8 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும், எத்தனை பொறி தெறித்தாலும் வீண்.

இன்னொரு சந்தேகப் பேர்வழி உங்கள் சட்டைப் பை. நூல் தூசியும் புகையிலைத் தூளும் கேஸ் வரும் துளையைச் சுற்றி அடைந்துகொள்ளும். ரப்பர் பல்பு உள்ள ஊதுகருவியால் நாலு தடவை ஊதிவிட்டால் போதும். குண்டூசியை மட்டும் உள்ளே விடாதீர்கள். துளை அகன்றுவிட்டால் சுடர் அப்புறம் உங்கள் பேச்சைக் கேட்காது.

பூட்டுப் பட்டறையில் நாற்பது வருஷம் ஓட்டியவன். என் லைட்டரில் பொறியே வரவில்லை. கல் தேய்ந்துவிட்டதா, சக்கரம் தேய்ந்துவிட்டதா?
- நாகல் நகர் வாசகர்

ஐயா, மாங்காய்ப் பூட்டுக்கு அரம் பிடித்த கைக்கு லைட்டர் ஒரு பொருட்டா? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குக் காரணமே, ஒவ்வொரு லீவரையும் கையால் ராவிப் பொருத்தும் உங்களைப் போன்றவர்களின் பொறுமைதான். அதே பொறுமையில் பத்தில் ஒரு பங்கு இங்கே போதும்.

சக்கரம் தேய்வது அபூர்வம். கல் தேய்வதுதான் வழக்கம். சக்கரத்தைச் சுழற்றும்போது விரலுக்குக் கரகரப்பே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால், கல் தீர்ந்துவிட்டது அல்லது அதைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கல் மாற்றும் வசதி உள்ள லைட்டரில் அடியில் சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றும்போது மேலே கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங் குதித்துவிட்டால் பட்டறைத் தரையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய கல்லின் மிச்சம் குழாய்க்குள் மாவாக உதிர்ந்து ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த லைட்டரில் இது நிச்சயம். மெல்லிய கம்பியால் சுரண்டித் தட்டிக் கொட்டிவிட்டுப் புதுக் கல்லைப் போடுங்கள். சக்கரத்தின் பற்களில் படிந்த கருப்புப் பொடியைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுங்கள். எண்ணெய் வேண்டாம். பூட்டுக்கு எண்ணெய் மருந்து என்றாலும், இங்கே அது பொறியைக் கொன்றுவிடும்.

அந்தக் கல் மண்ணில் தோண்டி எடுத்த கல் அல்ல, சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1903-ல் கண்டுபிடித்தது. சுரண்டப்பட்ட துகள் காற்றுப் பட்டதுமே எரிகிறது. நீங்கள் பார்க்கும் பொறி அதுதான்.

எங்கள் வீட்டு அடுப்பு லைட்டர் ‘டக் டக்’ என்கிறது, பற்றவில்லை. அதற்குக் கேஸ் அடித்துத் தரச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். ஏன்?
- சின்னாளபட்டி வாசகி

சிரித்தவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அம்மா, அந்த நீள லைட்டருக்குள் கேஸே கிடையாது. உள்ளே ஒரு சின்னப் படிகக் கட்டி, அதை அடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு சுத்தியல், அவ்வளவுதான். அடி வாங்கும் படிகம் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைக் கக்கும். நுனியில் பொறி பறக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் படிக வித்தையை 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்தார்கள். நீங்கள் தினமும் காலையில் காப்பிக்காக அதை நடத்திக் காட்டுகிறீர்கள்.

இது மக்கர் செய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் சமையலறை ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும். நுனியில் ஈரம் இருந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் ஈரத்தின் வழியே நழுவிவிடும். உலர்ந்த துணியால் நுனிக்குள் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். சிங்க் பக்கம் தொங்கவிடாதீர்கள். கழுவவே கழுவாதீர்கள்.

முக்கியமானது ஒன்று. அடுப்பின் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு ‘டக் டக்’ என்று பத்துத் தடவை முயலாதீர்கள். இரண்டு தடவையில் பற்றவில்லை என்றால் திருகை மூடி, சன்னலைத் திறந்து, தீக்குச்சிக்கு மாறுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோரம் தேங்கி, பற்ற வைக்கும் நேரத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

கேஸ் கேன் வாங்கி நானே அடித்தேன். பாதி என் கையில் பீய்ச்சியது, கை விறைத்துப்போனது. உள்ளே போனதும் பற்றவில்லை. எங்கே தவறு?
- பழனி வாசகர்

உள்ளே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். அவர் பெயர் காற்று. லைட்டர் காலியானதும் உள்ளே காற்று தங்கிவிடும். ஒவ்வொரு முறை கேஸ் அடிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். வாய் குறுகிய பாட்டிலில் புனலை அழுத்திவைத்து எண்ணெய் ஊற்றினால், உள்காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெய் புனலிலேயே நிற்குமே, அதே கதைதான். கேஸ் அடித்தும் பற்றாத லைட்டர்கள் பலவற்றுக்கு வியாதி இதுதான்.

வைத்தியத்தைச் சொல்கிறேன், வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மொட்டை மாடியோ வாசலோ, காற்றோட்டமான திறந்த இடத்துக்குப் போங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, புகைக்கும் நண்பர் யாரும் பக்கத்தில் வேண்டாம். சுடர்த் திருகைக் குறைந்த அளவுக்குத் திருப்புங்கள். லைட்டரைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராகவே பிடித்து, அடியில் உள்ள வால்வைச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்துங்கள். சீறல் சத்தம் முழுக்க அடங்கும் வரை விடக்கூடாது. பலர் பாதியில் எடுத்துவிட்டு “காலி பண்ணிட்டேன்” என்பார்கள். அடங்கிய பிறகும் நாலு நொடி அழுத்திப் பிடியுங்கள்.

இப்போதுதான் தலைகீழ். லைட்டரின் அடி வானத்தைப் பார்க்க வேண்டும், கேனின் மூக்கு பூமியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் திரவம் இறங்கும். கேனை நிமிர்த்திப் பிடித்தால் வெறும் ஆவிதான் போகும். மூக்கும் வால்வும் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒரே அழுத்தாக அழுத்தி நாலைந்து நொடி பிடித்து எடுங்கள். சாய்ந்தால்தான் கையில் பீய்ச்சும். மூக்கு வால்வுக்குப் பொருந்தவில்லை என்றால் கேனின் மூடியிலேயே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் வளையங்கள் கொடுத்திருப்பார்கள், பொருந்துவதை மாட்டிக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மேலே இடம் விடுங்கள். அடித்து முடித்ததும் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சிந்திய கேஸ் கலைய வேண்டும், உள்ளே போனது குளிர் நீங்கி அறை வெப்பத்துக்கு வர வேண்டும். பிறகு சுடர்த் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பற்ற வையுங்கள்.

கை விறைத்ததற்குக் காரணம், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். உங்கள் கைச் சூட்டை வாங்கிக்கொண்டுதான் அது ஆவியாகிறது. விரலில் வெள்ளையாகப் பனி படிந்தால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். இன்னொன்று, சமையல் சிலிண்டருக்கு நாற்றம் சேர்ப்பது போல எல்லா லைட்டர் கேஸுக்கும் சேர்ப்பதில்லை. மூக்கை நம்பிக் கசிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வத்தலக்குண்டில் நன்றாகப் பற்றும் லைட்டர் கொடைக்கானல் ஏறியதும் ஊமையாகிறது. மலைக்கும் அதற்கும் என்ன பகை?
- கொடைக்கானல் வாசகர்

பகை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று குளிர். திண்டுக்கல் சித்திரை வெயிலில், 38 டிகிரியில், லைட்டருக்குள் காற்றழுத்தத்தைப் போல மூன்றரை மடங்கு அழுத்தம் இருக்கும். உங்கள் ஊர் மார்கழி இரவில் 10 டிகிரி என்றால் அது ஒன்றரை மடங்குக்கு இறங்கிவிடும். தள்ளிவிட ஆள் இல்லாததால் கேஸ் சோம்பலாக வருகிறது. லைட்டரை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்திருந்தால் எழுந்துவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேஸ் குளிருக்கு இன்னும் நல்லது.

இரண்டாவது, மெலிந்த காற்று. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. பட்டன் அழுத்தினால் நீலமாகச் சீறும் ஜெட் லைட்டர் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக் கலந்துகொள்ளும் ரகம். மலையில் கேஸ் மிஞ்சிக் காற்று போதாமல் தடுமாறும். அங்கே சுடரைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். எல்லோரும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். மலையில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு, சக்கரமும் கல்லும் வைத்த பழைய மஞ்சள் சுடர் லைட்டர்.

கோடையில் வனப்பகுதிக்குள் போகும்போது எந்த லைட்டரும் வேண்டாம். குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை நாம் பக்கத்து மாவட்டத்திலிருந்து பார்த்தவர்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் வைத்திருந்த லைட்டர் ‘டப்’ என்று வெடித்துக் கண்ணாடியில் அடித்தது. அவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு கோபமா?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். லைட்டர்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம், 65 டிகிரி சூட்டில் நாலு மணி நேரம் வைத்தாலும் உடையக் கூடாது என்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் தாங்க வேண்டும் என்கிறது. மே மாத மத்தியானத்தில் கண்ணாடி மூடி நிறுத்திய லாரியின் டேஷ்போர்டு அந்த 65-ஐ எட்டிப்பிடிக்கும். உங்கள் லைட்டர் அந்தச் சோதனையையே பார்க்காத மலிவுச் சரக்காகவும் இருந்திருக்கலாம். உள்ளே விளிம்பு வரை கேஸ் இருந்தால் திரவம் விரிய இடமே இல்லை. பிளாஸ்டிக்தான் வழிவிட வேண்டும். பைக் டேங்க் பையும், ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியும் இதே ரகம்தான். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. உங்களுக்குச் சூடு தாங்காத இடம் அதற்கும் தாங்காது.

தாடிக்கொம்பு பெருமாள் கோயிலில் கார்த்திகைக்கு நூறு விளக்கு ஏற்றினேன். பாதியில் நீள மூக்கு லைட்டரின் தலை உருகிவிட்டது!
- தாடிக்கொம்பு வாசகி

சுடரின் இயல்பு மேலே போவது. அகலின் திரிக்காக லைட்டரைக் கவிழ்த்தால் அது திரும்பி வந்து தன் மூக்கையே சுடும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் எரியவிடாமல் இடைவெளி கொடுங்கள். அதைவிட நல்ல வழி நம் பாட்டிகள் செய்தது. லைட்டரால் முதல் விளக்கை மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஓர் எண்ணெய்த் திரியையோ மெழுகுவர்த்தியையோ பிடித்து வரிசையாக ஏற்றிக்கொண்டு போங்கள். மூக்கில் எண்ணெய் பட்டிருந்தால், ஆறிய பிறகு துடைத்து வையுங்கள். பாவாடை, தாவணி, குழந்தைகளோடு போகும் இடம் என்பதால் பூட்டு உள்ள லைட்டரையே வாங்குங்கள்.

தாத்தா காலத்துச் சுருட்டு ரசிகன் நான். பெட்ரோல் லைட்டரா, கேஸ் லைட்டரா, எது உத்தமம்?
- திண்டுக்கல் வாசகர்

திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் உருட்டியதுதான் ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று லண்டன் வரை பெயர் எடுத்தது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே அதன் சாம்பலை வைத்துத் துப்புத் துலக்குகிறார் ஹோம்ஸ். புகையிலை நம்முடையது, பெருமை திருச்சிக்குப் போய்விட்டது. பஞ்சும் திரியும் வைத்து, நாஃப்தாவை ஊற்றும் பெட்ரோல் லைட்டரின் வாடை புகையிலையில் ஒட்டிக்கொள்ளும். பியூட்டேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேள்விக்குப் பதில் கேஸ் லைட்டர்தான். உங்கள் மேல் உள்ள அக்கறைக்குப் பதில், சுருட்டை விட்டுவிடுங்கள். லைட்டர் விளக்கேற்றப் பயன்படட்டும்.

பத்து ரூபாய் லைட்டருக்கு இவ்வளவு ரிப்பேர் தேவையா? தீர்ந்தால் வீசிவிட்டு வேறு வாங்கினால் ஆயிற்று!
- நத்தம் வாசகர்

அந்தப் பத்து ரூபாய்க்குள் ஒரு பெரிய சண்டையே நடக்கிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் பக்கம் தீப்பெட்டித் தொழிலில் லட்சக்கணக்கான கைகள், பெரும்பாலும் பெண்களின் கைகள் இருக்கின்றன. பதினாலு வருடம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதே நேரத்தில் மலிவு லைட்டர்கள் வந்து குவிந்தன. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29-ல், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டர்களுக்கு இந்தியா தடை போட்டது. முழு லைட்டராக வராமல் உதிரி பாகமாக வந்து இங்கே பூட்டப்படுவதாகப் புகார் எழ, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. லைட்டருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் வந்துவிட்டது.

வீசி எறியும் லைட்டர் எனக்குப் பிடிக்காது. கேஸ் தீர்ந்ததும் சக்கரம், ஸ்பிரிங், வால்வு, இரும்பு மூடி எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே குப்பைக்குப் போகிறது. அடியில் கேஸ் அடிக்கும் வால்வே வைக்காமல், பிழைக்கவே கூடாது என்று செய்த பொருள் அது. அதில் துளை போட்டுக் கேஸ் ஏற்ற முயலாதீர்கள், ஆபத்து. வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அடியில் கேஸ் அடிக்கும் வால்வும், கல் மாற்றும் திருகும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும், வருஷக்கணக்கில் உழைக்கும். எப்போதாவது ஒரு தடவை பற்ற வைப்பவருக்கு இரண்டு ரூபாய் தீப்பெட்டியே ராஜா. அதற்குக் கேஸும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

லைட்டர் கேஸ் கேன் இரண்டைத் திண்டுக்கல் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னையில் மகனுக்குக் கொண்டுபோகலாமா? கசியும் பழைய லைட்டரை என்ன செய்வது?
- நிலக்கோட்டை வாசகர்

கொண்டுபோகாதீர்கள். தீப்பற்றும் பொருளை ரயிலில் எடுத்துச் சென்றால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், ரகசியமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். மகன் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். விமானத்தில் கேன் மட்டுமல்ல, லைட்டரே கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்க, சோப்பு நுரையை வால்வின் மேலும் மூக்கின் மேலும் தடவுங்கள். குமிழ் எழுந்தால் கசிவு. வால்வின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். மாற்று வாஷர் கிடைக்கும் உயர்ரக லைட்டர் என்றால் மாற்றலாம். உடலில் விரிசல் விட்டிருந்தால் காப்பாற்ற வழியில்லை. திறந்தவெளியில் முன்னே சொன்னபடி கேஸை முழுக்க வெளியேற்றுங்கள். குப்பை எரிக்கும் தீயில் மட்டும் போடாதீர்கள். வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, “இது கேஸ் லைட்டர்ம்மா, தனியா வைங்க” என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். வண்டியில் குப்பையை அமுக்குவது அவர்கள்தான்.